வட சென்னைக்குப் புதுசாகக் குடி வருகிறவர்களுக்கு ஒரு தண்ணீர் வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகை கேட்பார்கள், அட்வான்ஸ் கேட்பார்கள், மெட்ரோ ரயில் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் வீட்டுக்காரர் "அதெல்லாம் பிரச்சினையே இல்ல" என்று சொல்லிவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் கேட்டால் அது உண்மையாகவும் இருக்கும். சித்திரை பிறந்த பிறகுதான் அந்த வீட்டின் தண்ணீர் நிலவரம் என்னவென்று தெரியும்.

அதனால் குடி வரும்போதே பழகிக்கொள்ள வேண்டிய சில விஷயங்களை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: நல்ல தண்ணீரை, நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்கிற வேலைக்கு மட்டும் எடுங்கள். மற்ற வேலைகளுக்கு வேறு தண்ணீர் வீட்டிலேயே இருக்கிறது.

ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும்?

சென்னைக்குக் குடிநீர் தரும் பக்கத்து ஏரிகள் ஐந்து: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை. ஐந்தும் முழுசாக நிரம்பினால் 11.757 டி.எம்.சி., அதாவது சுமார் 33,000 கோடி லிட்டர். ஊருக்கு ஒரு நாளைக்கு விடும் தண்ணீர் ஏறக்குறைய 100 கோடி லிட்டர். வகுத்துப் பாருங்கள். வெயிலில் ஆவியாகிப் போவதைக் கழிக்காமலேயே பதினொரு மாதத்துக்குத்தான் வருகிறது. அதுவும் ஐந்தும் நிரம்பினால்.

நிரம்புமா என்பது வடகிழக்குப் பருவமழை கையில் இருக்கிறது. வருஷ மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த வெயிலுக்குள் ஏரித் தரை தெரிய ஆரம்பிக்கும். 2018-ல் மழை பொய்த்தது, 2019 ஜூனில் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. ஊரின் ஒரு நாள் தேவைக்கு அப்படி 400 ரயில் வேண்டும்.

ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீரை முழுசாக நம்ப முடியாது. 1983-ல் போட்ட ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும். முதல் தண்ணீர் வந்ததே 1996-ல். முழு அளவும் வந்து சேர்வது அரிது. வட சென்னைக்கு ஒரு பலம், காட்டுப்பள்ளியில் 2010 முதல் ஓடும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. ஆனால் அந்தத் தண்ணீர் கரண்டைத் தின்று வருகிற தண்ணீர். அதைக் கக்கூஸில் ஊற்றுவது என்பது மனசு ஒப்பக்கூடிய காரியம் இல்லை.

நிலத்தடியைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் படுகைக்கு அடியில் ஒரு காலத்தில் அருமையான தண்ணீர் இருந்தது. ஊருக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்துக்கும் என்று வருஷக்கணக்காக ஓயாமல் உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் இறங்கிய இடத்துக்குக் கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. 1969 வாக்கிலேயே கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. இன்றைக்கு அங்கே கடலோரத்திலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே போனாலும் கிணறு உப்புக் கரிக்கிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோமே, அங்கேயும் கடலோரத்தில் மிதமிஞ்சி உறிஞ்சினால் இதேதான் நடக்கும். தேவைக்கு மேல் மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் கடலைக் கொஞ்சம் உள்ளே கூப்பிடுகிறது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் விசாரியுங்கள்

புரோக்கரைக் கேட்காதீர்கள், வீட்டுக்காரரையும் கடைசியில் கேளுங்கள். பக்கத்து வீட்டு வாசலில் குடம் கழுவிக்கொண்டிருக்கும் அக்காவைக் கேளுங்கள். "அக்கா, இங்க மெட்ரோ தண்ணி எப்போ வரும்?" என்று கேட்டால் போதும். (மெட்ரோ தண்ணி என்பது சென்னைக் குடிநீர் வாரியம் விடும் தண்ணீர்.) "அஞ்சு அஞ்சரைக்கு விடுவாங்க. வெயில் காலத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். மேல் வீடா? அப்போ கீழ வந்துதான்மா அடிச்சுத் தூக்கணும். போர் தண்ணி மஞ்சளா வரும், வெள்ளத் துணி துவைக்காத" என்று ஒரே மூச்சில் எல்லாம் வந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தில் இருக்காத விவரம் இது.

கேட்க வேண்டியவை: தண்ணீர் அடிபம்பில் வருகிறதா, சம்பில் (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி) விழுகிறதா? சம்ப் எத்தனை குடித்தனத்துக்குப் பொது? மோட்டார் சுவிட்ச் யார் கையில்? தெருவுக்குள் லாரி நுழையுமா, நுழையாவிட்டால் தெருமுனை சின்டெக்ஸ் டேங்க் எவ்வளவு தூரம்? வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீடென்றால் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே முடிவு செய்யலாம். மாடிப்படியில் ஒரு குடம் தூக்கி ஏறிப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

2. எந்தத் தண்ணீர் எதற்கு என்று பிரித்துவிடுங்கள்

குடி வந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்.

மெட்ரோ தண்ணீர் சமையலுக்கும், கொதிக்க வைத்துக் குடிப்பதற்கும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டவும், துணியைக் கடைசியாக அலசவும். போர் தண்ணீர் வீடு துடைக்க, கழிவறைக்கு, பாத்திரத்தின் முதல் தேய்ப்புக்கு, துணியின் முதல் ஊறலுக்கு. போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நுரைக்காததால் இன்னும் சோப்பு போடுவோம், அதைப் போக்க இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். அதனால் துணிக்குக் கடைசி ஒரு அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் போதும், மொத்தச் செலவும் குறையும்.

கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் அதைக் குடிக்க மட்டும் வையுங்கள். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரைப் பின்குழாயில் வெளியே தள்ளும். அந்தக் குழாயை சிங்க்கில் விடாமல் ஒரு வாளியில் விடுங்கள். வீடு துடைக்கவும் கழிவறைக்கும் அதுவே தாராளம். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு கூடுதலாக இருக்கும்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கொடுங்கையூரில் நம் வீட்டுக் கழிவுநீரையே பல கட்டமாகச் சுத்தம் செய்து, ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி ஆலைகளுக்குக் கொடுக்கிற நிலையம் இருக்கிறது. பெரிய ஆலைகளே ஒருமுறை புழங்கிய தண்ணீரில் வேலை பார்க்கும்போது, பாத்திரம் அலசிய தண்ணீரில் வாசல் கழுவினால் என்ன குறைந்துவிடும்?

ஒரு எச்சரிக்கை. போர் தண்ணீரில் பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள். 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடியில் எண்ணெய் கலந்ததை இங்கே இருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை.

3. ஒரு நாள் செலவைக் குடத்தால் அளந்து பாருங்கள்

மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு வரும் எல்லாத் தண்ணீரையும் குடத்திலும் வாளியிலும் பிடித்து, எந்த வேலைக்கு எத்தனை போகிறது என்று காலண்டர் ஓரத்தில் கோடு போடுங்கள். பிளாஸ்டிக் குடம் பன்னிரண்டிலிருந்து பதினைந்து லிட்டர் பிடிக்கும். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு, அதாவது ஒன்பது பத்துக் குடம். அடிபம்பில் அடித்துத் தூக்கும் வீடுகளில் யாரும் அதை நெருங்குவதில்லை. மேல் டேங்க்கும் குழாயும் இருக்கும் வீடுகளில் அதைத் தாண்டியும் போகும், யார் கண்ணிலும் படாது. தூக்குகிற கை வேறு, திறக்கிற கை வேறு என்று ஆனபின் வீட்டில் தண்ணீர் செலவு கூடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதில் பெரும்பாலும் தூக்குவது வீட்டுப் பெண்கள். திறந்து விடுவது யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

4. விடிகாலையில் பிடிக்கும் முறை

பம்பை அடித்ததும் வரும் முதல் தண்ணீர் கலங்கலாக, சில நாள் லேசான நாற்றத்தோடு வரும். லைனில் தண்ணீர் நின்றுபோய் மறுபடி வருவதால் அப்படி. அதைக் காலில் ஊற்றிக் கழுவிச் சாக்கடையில் விடுவதுதான் இங்கே வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு பழைய வாளியை முதலில் வையுங்கள். அது கழிவறை வாளி. தெளிந்து வந்த பிறகு குடங்களை வையுங்கள். தண்ணீர் தெளியாமல் நாற்றம் தொடர்ந்தால் கழிவுநீர் கலந்திருக்கலாம். அன்றைக்கு அதைக் குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம், உடனே புகார் கொடுங்கள்.

அடுத்தது, நான் மனசார மன்றாடிக் கேட்பது. புதுத் தண்ணீர் வந்ததும் நேற்றுப் பிடித்த குடங்களை அப்படியே வாசலில் கவிழ்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. 'பழைய தண்ணி' என்பார்கள். நேற்று விடிகாலை அரைத் தூக்கத்தில் அடித்த அதே தண்ணீர், மூடி வைத்திருந்தால் ஒரு ராத்திரியில் கெட்டுவிடாது. குடிக்க மனசு வரவில்லையா, சரி, துணி அலசுங்கள், குளியுங்கள், பெரிய டிரம்மில் ஊற்றி வையுங்கள். வாசல் சாக்கடைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

டிரம்மை மூடியே வையுங்கள். மூடி இல்லையென்றால் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை டிரம் காலியாகும்போது நாரால் உள்பக்கம் தேய்த்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

5. வீட்டுக்குள் எங்கே போகிறது என்று பாருங்கள்

கழிவறையிலிருந்து தொடங்குங்கள். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டருக்கு மேல் விடும். ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, மூடி, மிதவையில் இடிக்காத மூலையில் உள்ளே வைத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு லிட்டர் மிச்சம். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, டேங்க்கில் சொட்டு நீலம் சில துளி விட்டு அரை மணி நேரம் யாரும் இழுக்காமல் பாருங்கள். கீழே பேசினில் நீலம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. வாஷர் மலிவுதான், ஆனால் அதை மாற்றாமல் விட்டால் ராத்திரி பகலாகக் கசிந்துகொண்டே இருக்கும். சொட்டும் குழாயும் அப்படியே. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் ஒரு குடத்துக்கு மேல் போய்விடும்.

சமையலறையில் நம் பக்கத்துக்கே உரிய செலவு ஒன்று உண்டு, மீன் கழுவுவது. காசிமேட்டிலிருந்து வாரம் இரண்டு மூன்று நாளாவது மீன் வரும் வீடுகளில் அதற்கே இரண்டு குடம் போய்விடும். முடிந்தால் மார்க்கெட்டிலேயே காசு கொடுத்து ஆய்ந்து வாங்குங்கள். வீட்டில் ஆய்வதென்றால் செதில், செவுள், குடல் எல்லாவற்றையும் தண்ணீர் படாமல் முதலில் எடுத்துவிட்டு, துண்டு போட்டபின் மண்சட்டியில் கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக உரசுங்கள். வழுவழுப்பு அதிலேயே கழன்றுவிடும். பிறகு சட்டியில் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று அலசல் போதும். ஓடும் குழாயடியில் மீனைக் காட்டிக்கொண்டே நிற்பதைவிட இது சுத்தமாகவும் இருக்கும். உப்புப் போடுவதற்கு முன் வடியும் இரத்தத்தை முருங்கைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றி மேலே மண்ணைத் தள்ளிவிடுங்கள். செடி தளதளவென்று வரும்.

அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் இரண்டும் செடிக்கு. பாத்திரத்தைச் சாப்பிட்ட கையோடு ஒரு கை தண்ணீரில் ஊறவிட்டால் தேய்க்கும்போது பாதித் தண்ணீர் போதும். துணியில் வெள்ளை முதலில், கலர் அடுத்து, மிதியடி கடைசியில், எல்லாம் அதே வாளித் தண்ணீரில். வாஷிங் மெஷின் இருந்தால் முழு அளவுக்குத் துணி சேர்ந்தபின் போடுங்கள், கடைசி அலசல் தண்ணீரின் குழாயை வாளியில் விடுங்கள். குளிக்க ஷவர் வேண்டாம், ஒரு வாளியும் சொம்பும் போதும்.

மேல் டேங்க் வழிவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொது மோட்டார் உள்ள கட்டடங்களில் ஒருவர் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார், டேங்க் நிரம்பி அரை மணி நேரம் சன்ஷேடில் கொட்டும். "டேங்க் ரொம்பிடுச்சு" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தபின்தான் யாராவது ஓடுவார்கள். ஒரு வீடு பகல் முழுக்கச் சிக்கனமாக மிச்சம் பிடித்தது அந்த அரை மணியில் போய்விடும். தானாக நிற்கும் சுவிட்ச் ஒன்றைக் குடித்தனக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டு வாங்கி மாட்டிவிடுங்கள். வீட்டுக்காரர் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

6. தெருவோடு சேர்ந்து செய்ய வேண்டியது

மெட்ரோ லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அது சட்டவிரோதம். அதைவிட முக்கியம், நீங்கள் உறிஞ்சும் நேரத்தில் தெருக்கோடி வீட்டு அடிபம்பில் காற்றுதான் வரும். லைனுக்குள் அழுத்தம் குறைந்தால் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும், அந்தத் தண்ணீர் உங்கள் குடத்துக்கும் வரும்.

லாரி வரும் நாளில் வரிசையில் இருக்கும் குடம்தான் ஆள். யாரும் பக்கத்தில் இல்லை என்று நகர்த்தாதீர்கள். உங்களுக்கு வேண்டியதைப் பிடித்தபின் டேங்க்கின் குழாயை நன்றாக மூடிவிட்டு வாருங்கள், பாதி மூடிய குழாயால் ராத்திரிக்குள் டேங்க் காலியாகும். மாடியில் தனியாக இருக்கும் பாட்டி யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு குடம் பிடித்துக் கொடுங்கள். புது ஆளைத் தெரு ஏற்றுக்கொள்வது இப்படித்தான்.

7. ஆவணி முடிவதற்குள் மொட்டை மாடியைத் தயார் செய்யுங்கள்

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல வீடுகளில் குழாய் இருக்கிறது, கீழே குழி தூர்ந்து கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் பக்குவமாகப் பேசிக் குழியைத் திறந்து, மேல் மணலை எடுத்துப் புதுசு போட்டு, ஜல்லியைக் கழுவிப் போடச் சொல்லுங்கள். செய்யமாட்டேன் என்றால் நீங்களே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடி சுமார் 46 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால், சிதறலைக் கழித்தாலும் 3,500 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட 250 குடம். அதைக் குழிக்குள் விட்டால் போர் தண்ணீரின் உப்பு காலப்போக்கில் குறையும், கடலும் அந்த அளவுக்குத் தள்ளி நிற்கும். டிரம்மில் பிடிப்பதென்றால், எண்ணூர், மணலி பக்கம் மாடியில் சாம்பலும் தூசியும் படிந்திருக்கும் என்பதால் பருவத்தின் முதல் ஓரிரு மழையை ஓடவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து நிமிஷத்தை விட்டுவிட்டு வெள்ளைத் துணி கட்டிப் பிடியுங்கள். துணிக்கும் குளிக்கவும் எடுங்கள், குடிக்க வேண்டாம்.

8. புகார்

குழாய் உடைந்து தெருவில் ஓடினாலோ, கலங்கல் நாற்றமாக வந்தாலோ, தண்ணீர் வராமலே போனாலோ 1916-க்கு அழையுங்கள், அல்லது உங்கள் வார்டு மெட்ரோ வாட்டர் டெப்போவுக்கு நேரில் போங்கள். டெப்போ எங்கே என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கலங்கல் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கையோடு கொண்டுபோனால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தெரு, வீட்டு எண், எத்தனை மணிக்கு எப்படி வந்தது என்று சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். இரண்டு நாளில் யாரும் வரவில்லையென்றால் அந்த எண்ணோடு மறுபடி கேளுங்கள், கூடவே பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஆளுக்கொரு புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.